94,000 மைல் ஓடிய ஃபெராரி

விற்பனையாளர் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, வேறெதையும் சொல்வதற்கு முன்னால் ஓடோமீட்டரைச் சுட்டிக்காட்டினார். 11,240 மைல். வண்டி 1988ஆம் ஆண்டில் பதிவு செய்யப்பட்ட ஃபெராரி 328. கேட்கும் விலை 89,500 பவுண்டு. முப்பத்தாறு ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு முந்நூறு மைலுக்குச் சற்றே கூடுதலாக ஓடியிருக்கிறது. சிவப்பு வண்ணத்தில் ஒரு கீறல் இல்லை. இருக்கையின் தோலில் யாரும் அமர்ந்த சுவடே இல்லை.

"டைமிங் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றினார்கள்?" என்று பேராசிரியர் கேட்டார்.

"வண்டி ஓடவே இல்லையே, சார்" என்றார் விற்பனையாளர். கேள்விக்கு அதுவே விடை என்பது போல் அவர் முகம் இருந்தது.

பேராசிரியர் குனிந்து டயரின் பக்கவாட்டைப் பார்த்தார். 2000ஆம் ஆண்டிலிருந்து டயர்களில் நான்கு இலக்க எண் ஒன்று பொறிக்கப்படுகிறது. முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் ஆண்டு. அங்கே 1409 என்றிருந்தது. 2009ஆம் ஆண்டின் பதினான்காம் வாரத்தில் வார்க்கப்பட்ட ரப்பர். பள்ளங்கள் தேயாமல் புதிதாகவே இருந்தன. ஆனால் பக்கவாட்டில் நகத்தை வைத்து அழுத்தியபோது, காய்ந்த களிமண்ணில் ஓடுவதைப் போன்ற மெல்லிய வெடிப்புகள் தெரிந்தன. மணிக்கு 160 மைல் வேகத்தைத் தாண்டக்கூடிய வண்டிக்கு அந்த டயர்கள். அவர் நன்றி கூறிவிட்டு வெளியே வந்தார்.

அவர் பம்பாயில் பிறந்தவர். 1984இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குச் சென்று, வடபகுதியில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் 26 ஆண்டுகள் பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்றவர். நுண்பொருளியல் பாடத்தில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு வாரத்தை அவர் ஜார்ஜ் அகர்லாஃபின் கட்டுரைக்கென ஒதுக்கியிருந்தார். மூன்று ஆய்விதழ்கள் திருப்பியனுப்பிய பின் 1970இல் 'குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ்' வெளியிட்டு, 2001இல் ஆசிரியருக்கு நோபல் பரிசில் பங்கு பெற்றுத் தந்த அதே கட்டுரை. அதன் எடுத்துக்காட்டு பழைய கார்ச் சந்தை. வாங்கிய பின் ஏமாற்றத்தைத் தரும் காருக்கு அமெரிக்கப் பேச்சுவழக்கில் 'எலுமிச்சை' என்று பெயர். தன் கார் நல்லதா எலுமிச்சையா என்பது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் சராசரியான ஒரு விலைக்குமேல் தரமாட்டார். அந்த விலை நல்ல கார் வைத்திருப்பவருக்குக் கட்டுப்படியாகாது. அவர் சந்தையைவிட்டு விலகுவார். நல்லவை விலக விலகச் சராசரி இறங்கும், அதனுடன் விலையும் இறங்கும். முடிவில் சந்தையில் எலுமிச்சைகளே மிஞ்சும்.

இருபத்தாறு ஆண்டுகள் இதைக் கற்பித்தவர் தமக்கென வாங்கியவை எல்லாம் புத்தம்புதிய, சிக்கனமான ஜப்பானியக் கார்கள். பழைய கார் ஒன்றை அவர் வாங்கியதே இல்லை. கற்பித்ததை அவர் நம்பினார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஓய்வூதியத்தோடு மொத்தமாக ஒரு தொகை கைக்கு வந்தது. வீட்டுக் கூரையின் ஓடுகளை மாற்றுவது என்று அவரும் மனைவியும் முன்பே பேசி வைத்திருந்தார்கள். மனைவி மருத்துவமனையில் மருந்தாளுநராகப் பணிபுரிபவர். அளவுகளில் நம்பிக்கை உள்ளவர். கூரைக்கு இவ்வளவு, எஞ்சியதில் நீங்கள் விரும்பியதைச் செய்துகொள்ளுங்கள் என்று அவர் வகுத்துக்கொடுத்தார். எஞ்சியதில் ஒரு ஃபெராரி வரும் என்று அவர் எண்ணியிருக்க முடியாது. பேராசிரியருக்கும் அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. தெளிவாகத் தெரிந்தது ஒன்றுதான்: இடது முழங்கால் தேய்ந்துகொண்டிருந்தது. கனமான கிளட்ச்சை இன்னும் எத்தனை ஆண்டு மிதிக்க இயலும் என்ற கேள்விக்கு மருத்துவர் நேரடியாகப் பதில் சொல்லவில்லை.

தந்தையின் காரும் இத்தாலிய வம்சம்தான். தூரின் நகரத்து ஃபியட் 1100. குர்லாவில் இருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலையில் இந்தியாவுக்கென உருவாக்கப்பட்டது. பிற்பாடு 'பிரீமியர் பத்மினி' என்ற பெயரில் பம்பாயின் கறுப்பு மஞ்சள் டாக்சியாகப் பல்லாண்டு ஓடிய அதே கார். தந்தை அதைப் பழையதாகத்தான் வாங்கினார். புதிய காருக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது. ஸ்டீயரிங் தண்டிலேயே கியர்க்கம்பி இருக்கும். கையுறைப் பெட்டியில் நீல அட்டை போட்ட ஒரு நோட்டு கிடக்கும்; பெட்ரோல் போடும்போதெல்லாம் தேதி, ஓடோமீட்டர் எண், எத்தனை லிட்டர், எவ்வளவு ரூபாய் என்று அவர் அதில் எழுதுவார். கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'குறிப்பு'. 'கண்டாலா ஏற்றம், தண்ணீர் கொதித்தது' என்பன போன்ற வரிகள் அங்கே இருக்கும். 1991இல் தந்தை காலமான பின் தாதரில் இருந்த வீட்டைக் காலி செய்ய வந்த மகன், பழைய செய்தித்தாள்களோடு அந்த நோட்டுகளையும் சேர்த்துப் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டார். அப்போது அதில் உறுத்தல் எதுவும் இருக்கவில்லை. ஆறு நோட்டுகள் இருந்தன என்பது மட்டும் நினைவில் நின்றுவிட்டது.

328 பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 3.2 லிட்டர், எட்டு சிலிண்டர். பெயரே அந்தக் கணக்குத்தான். 1985இல் அறிமுகமாகி 1989 வரை உற்பத்தியில் இருந்தது. உடலின் வடிவம் பினின்ஃபரினா நிறுவனத்தின் கைவண்ணம். எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால் குறுக்குவாட்டில் படுத்திருக்கும். அதன் ஆற்றல் 270 குதிரைத்திறன். கியர்க்கம்பி, உலோகத் தகட்டில் வெட்டிய காடிகளுக்குள் இடம்விட்டு இடம் நகரும்போது 'டிக்' என்று ஓர் ஒலி வரும். அந்த ஒலிக்காகவே இதை வாங்குபவர்கள் உண்டு. என்சோ ஃபெராரி 1988 ஆகஸ்ட் 14 அன்று காலமானார். அவர் உயிரோடிருந்தபோது தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த கடைசித் தலைமுறை வண்டிகளுள் 328உம் ஒன்று என்பதால் சேகரிப்பாளர்களிடம் அதற்குத் தனி மதிப்பு உண்டு. ஃபியட் நிறுவனம் 1969இலேயே ஃபெராரியின் சாலைக்கார்ப் பிரிவில் பாதிப் பங்கை வாங்கிவிட்டது என்ற செய்தி சேகரிப்பாளர்களுக்கு அவ்வளவு உவப்பானதன்று. பேராசிரியருக்கு உவப்பாக இருந்தது. தந்தையின் காருக்கு இது ஒருவகையில் சித்தப்பா மகன்.

ஃபெராரிச் சந்தையில் விலையைத் தீர்மானிப்பது ஓடோமீட்டர். சாதாரணக் கார் ஒன்று 94,000 மைல் ஓடியிருந்தால் யாரும் புருவத்தை உயர்த்துவதில்லை. ஃபெராரி அவ்வளவு ஓடியிருந்தால், வண்டிக்கு ஏதோ நோய் என்பது போல் விற்பனையாளர்கள் குரலைத் தாழ்த்துவார்கள். இது முற்றிலும் மூடத்தனமன்று. உள்ளே இருப்பதைக் காண முடியாத ஒருவர் வெளியே தெரியும் ஓர் எண்ணைப் பற்றிக்கொள்வது இயல்பு. ஆனால் எல்லாரும் அதையே பற்றிக்கொண்டால் என்ன நடக்கும் என்பதுதான் வேடிக்கை. ஒவ்வொரு மைலும் விலையைக் குறைக்கிறது என்று உரிமையாளருக்குத் தெரிந்ததும் அவர் வண்டியை ஓட்டாமல் விடுகிறார். ஓடாத வண்டியோ தூங்குவதில்லை, கெடுகிறது.

கெடும் வழிகள் பல. ரப்பர் வளையங்கள் எண்ணெய் படாமல் காய்ந்து சுருங்கும். பிறகு ஒரு நாள் எஞ்சினை ஓட்டினால் எட்டுத் திசையிலும் எண்ணெய் கசியும். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். காலிப்பரின் பிஸ்டன்கள் துருவேறி இறுகும். எத்தனால் கலந்த பெட்ரோலும் ஈரத்தை ஈர்க்கும். 328இல் உள்ள பாஷ் நிறுவனத்தின் கே-ஜெட்ரானிக் முழுக்க இயந்திர நுட்பத்தால் இயங்கும் எரிபொருள் அமைப்பு, அதன் நுண்ணிய உள்பாகங்கள் பிசின் பிடித்து ஒட்டிக்கொள்ளும். கொட்டகையிலிருந்து எடுத்து ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்துவது இன்னும் மோசம். எஞ்சினுள் உருவாகும் ஈரம் ஆவியாகும் அளவுக்குச் சூடே ஏறாது. டைமிங் பெல்ட்டுக்கு மைல் கணக்கைவிட ஆண்டுக் கணக்குத்தான் முக்கியம். மூன்றாண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது மெக்கானிக்குகளின் வழக்கம். அது அறுந்தால் மேலே எழும் பிஸ்டன், திறந்து நிற்கும் வால்வுகளில் மோதும். எஞ்சின் அத்தோடு முடிந்தது.

ஆக, வண்டியின் நலத்தைக் காட்டுவதற்கென வந்த எண்ணே வண்டியின் நலத்தைக் கெடுக்கிறது. ஓர் அளவுகோலை இலக்காக மாற்றினால் அது அளவுகோலாக இருக்கும் தகுதியை இழக்கும் என்று பொருளியலில் சார்ல்ஸ் குட்ஹார்ட்டின் பெயரால் வழங்கும் விதி இதைத்தான் சொல்கிறது. மேற்கோள் எண்ணிக்கையையும் எச்-குறியீட்டையும் பார்த்து ஆளெடுக்கும் இடங்களில் பணிபுரிவோருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

இரண்டாவது வண்டி ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில் லட்லோ என்ற சிற்றூருக்கு வெளியே இருந்தது. விற்பவர் எழுபதைக் கடந்த அம்மையார். கணவர் முந்தைய இலையுதிர்காலத்தில் இறந்துவிட்டார். அவர் நில அளவையாளராக இருந்தவர். 1993இல் 14,000 மைலோடு இந்த 328ஐ வாங்கி, அதன்பின் எண்பதாயிரம் மைல் தாமே ஓட்டியிருந்தார். சிவப்பு, முன்புறத்தில் கற்கள் தெறித்துப் புள்ளி புள்ளியாக வெளிறியிருந்தது. ஓட்டுநர் இருக்கையின் வெளியோரத்தில் தோல் தேய்ந்து பழைய செருப்பின் நிறத்துக்கு வந்திருந்தது. கியர்க்கம்பியின் கறுப்புக் குமிழில் எண்கள் மறைந்துவிட்டன. அம்மையார் கேட்ட விலை 38,000 பவுண்டு. இரண்டு விற்பனையாளர்கள் வந்து பார்த்து, மைலைக் காட்டி, 36,000க்கு மேல் தர முடியாது என்று சொல்லியிருந்தார்கள்.

சமையலறை மேசையில் அவர் நான்கு கோப்புகளைக் கொண்டுவந்து வைத்தார். ஐந்தாவதாக ஒரு நோட்டு. தேதி, மைல், எரிபொருள், விலை, குறிப்பு.

பேராசிரியர் அதைத் திறந்தபின் சற்று நேரம் பேசவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுக் கோப்புகளுக்குச் செல்வது நல்லது.

ஆவணக் காப்பகத்தில் வேலை செய்தவர்களுக்கு அந்தக் கோப்புகளின் சுவை புரியும். ஒவ்வோர் ஆண்டின் தகுதிச் சான்றிதழிலும் மைல் குறிக்கப்பட்டிருந்தது. பிரிட்டனில் மூன்றாண்டைக் கடந்த கார்கள் பொதுவாக ஆண்டுதோறும் சோதனைக்குச் செல்ல வேண்டும் என்பதால் இது தானாகவே சேரும் சான்று. பட்டறையின் விலைச்சீட்டுகளில் உள்ள மைலும் நோட்டில் உள்ள மைலும் சான்றிதழும் ஒன்றோடொன்று பொருந்தின. ஒரே கையெழுத்தில் சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, இத்தாலி. 2,757 மீட்டர் உயரத்தில் உள்ள ஸ்டெல்வியோ கணவாயைப் பதினொரு முறை கடந்திருக்கிறார். பழைய பக்கங்களில் லிராவும் பிராங்கும். 2002 ஜனவரிக்குப் பின் யூரோ. ஒரு பக்கத்தில் மாரனெல்லோ என்று எழுதி அடியில் இரண்டு கோடுகள் இட்டிருந்தார். தொழிற்சாலை வாசல்வரை சென்று, உள்ளே அனுமதி கிடைக்காமல், எதிர்ப்புறம் நின்று காப்பி குடித்துவிட்டுத் திரும்பினோம் என்று அம்மையார் சொன்னார்.

இடையில் ஓர் இடைவெளி இருந்தது. 2007 செப்டம்பரிலிருந்து 2009 ஜூன் வரை ஒரு வரிகூட இல்லை. காப்பகத்தில் இடைவெளி என்றால் ஏதோ மறைக்கப்பட்டிருக்கிறது என்று கொள்வது ஆய்வாளர் வழக்கம். பேராசிரியரும் விபத்தாக இருக்குமோ என்று ஐயுற்றார். கேட்டார். "அப்போது அவருக்குப் புற்றுநோய். இரண்டு கோடைகள் படுக்கையில். வண்டி கொட்டகையிலேயே கிடந்தது" என்றார் அம்மையார். இடைவெளிக்கு அடுத்த விலைச்சீட்டை அவர் புரட்டிக்காட்டினார். எரிபொருள் பகிர்வான் ஒட்டிக்கொண்டது, நான்கு காலிப்பர்களும் இறுகியது, எண்ணெய் வளையங்கள், குழாய்கள். அந்த நான்கு கோப்புகளிலும் இருந்த விலைச்சீட்டுகளுள் மிகப் பெரியது அதுதான். வண்டி ஓடாமலிருந்த காலத்துக்கான விலைச்சீட்டு.

வாங்குமுன் சோதிக்க ஒரு மெக்கானிக்கை அழைத்து வர அம்மையார் இசைந்தார். இத்தாலிய வண்டிகளிலேயே வாழ்நாளைக் கழித்த முதியவர் ஒருவர். கட்டணம் 600 பவுண்டு. கொட்டகையில் குளிர்ந்த எஞ்சினைத் தொட்டுப்பார்த்துவிட்டுத்தான் அவர் தொடங்கினார். விற்பவர் முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் அதுவே ஒரு செய்தியாம். குளிர்ந்த நிலையில் இரண்டாம் கியர் விழ மறுத்தது. அது நோயன்று, குணம். பெட்டியின் எண்ணெய் சூடேறும்வரை ஒன்றிலிருந்து மூன்றுக்குத் தாவிவிட வேண்டும். விழாவிட்டால்தான் ஐயமில்லை, உடனே வழுக்கிக்கொண்டு விழுந்தால் என்ன எண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள் என்று தாம் கேட்பதுண்டு என்றார் அவர். ஃபியூஸ் பலகையில் இரண்டு இணைப்புகள் சூட்டில் பழுப்பேறியிருந்தன. கதவின் அடிவிளிம்பில் சிறிது துரு. தண்ணீர்ப் பம்ப்பின் அடியில் வெள்ளைக் கறை.

பிறகு அவர் லீக்டவுன் சோதனை செய்தார். ஒவ்வொரு சிலிண்டரின் பிஸ்டனையும் உச்சியில் நிறுத்தி, ஸ்பார்க் பிளக் துளை வழியாக அழுத்தக் காற்றைச் செலுத்தி, நூற்றில் எத்தனை பங்கு கசிகிறது என்று பார்ப்பது அது. பத்துக்குள் இருந்தால் ஆரோக்கியம். இருபதைத் தாண்டினால் கவலை. எண்ணைவிடக் காது முக்கியம். புகைபோக்கியில் சீறல் கேட்டால் வெளிவால்வு. காற்று நுழையும் பக்கம் கேட்டால் உள்வால்வு. எண்ணெய் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் வளையம். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட். எட்டில் ஏழு சிலிண்டர்கள் ஆறு முதல் ஒன்பது விழுக்காட்டுக்குள் இருந்தன. ஐந்தாவது மட்டும் பதினான்கு. முதியவர் புகைபோக்கியருகே மண்டியிட்டுக் காதை வைத்தார். "வெளிவால்வு. இன்னும் சில ஆண்டு பேசாமல் ஓடும்" என்றார். பின் பேராசிரியரை மட்டும் தனியே அழைத்து, "முப்பதெட்டாயிரமா? கையெழுத்துப் போடுங்கள். இதைவிட நல்ல 328ஐ நான் இந்த ஆண்டு பார்க்கவில்லை" என்றார்.

பேராசிரியரிடம் இரண்டு ஆண்டுகளாக ஏல விலைகளைக் குறித்து வைத்த அட்டவணை ஒன்று இருந்தது. ஓட்டம் கூடிய, ஆனால் ஆவணம் முழுமையாக உள்ள வண்டிகள் விற்ற விலையை அவர் அறிவார். அவர் கணக்கில் இந்த வண்டி ஐம்பதாயிரத்துக்குக் குறையாது. அம்மையாருக்கு அது தெரியாது. அவர் அறிந்தது, இரண்டு விற்பனையாளர்கள் குரலைத் தாழ்த்திச் சொன்ன எண் மட்டுமே.

இரவு வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் இதைத் தேர்வில் கேட்டிருக்கிறீர்கள். வாங்குபவருக்குத் தெரிந்து விற்பவருக்குத் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்று. ஒரு கட்டு விடைத்தாளைக் கூட்டிக்கொடுத்தது நான்தானே" என்றார்.

"ஆமாம். பல தடவை கேட்டிருக்கிறேன்."

"வாயை மூடிக்கொண்டு வாங்குவான் என்று எழுதியவர்களுக்கு எத்தனை மதிப்பெண் போட்டீர்கள்?"

"முழு மதிப்பெண்."

மனைவி அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

சட்டப்படி அவருக்கு எந்தக் கடமையும் இல்லை. விலை சொன்னவர் அம்மையார். பொய் எதுவும் அவரிடம் சொல்லப்படவில்லை. சோதனைக்குப் பணம் கொடுத்தவர் பேராசிரியர். அட்டவணையைத் தொகுத்த உழைப்பும் அவருடையதே. தகவலைத் தேடிச் சேர்த்தவருக்கு அதன் பயன் கிடைக்காவிட்டால் யாரும் தகவலைத் தேடமாட்டார்கள் என்ற வாதமும் உண்டு. அதையும் அவர் வகுப்பில் சொல்லியிருக்கிறார், தவறான வாதமுமன்று. தவிரவும், அறிக்கையில் அந்தப் பதினான்கு விழுக்காடும் இருந்தது. அதை மட்டும் காட்டி இன்னும் ஈராயிரம் குறைக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

இரண்டு நாள் தூக்கம் சரியில்லை. அவரை உறுத்தியது அம்மையாரின் நிலை மட்டுமன்று என்றே தோன்றுகிறது. அந்த நோட்டை அம்மையார் மேசையில் வைத்தபோது, வண்டியோடு அதுவும் போகட்டும் என்றுதான் வைத்தார். விற்பனையாளர்கள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கைப்பட எழுதிய எண்பதாயிரம் மைல், அவர்கள் கணக்கில் விலையைக் குறைக்கும் ஓர் எண். முன்பொருமுறை ஆறு நோட்டுகளை எடைக்குப் போட்டவருக்கு அது எப்படிப்பட்ட கணக்கு என்பது தெரியும்.

மூன்றாம் நாள் அவர் சோதனை அறிக்கையை முழுமையாக, பதினான்கு விழுக்காட்டோடு, தம் ஏல அட்டவணையையும் சேர்த்து அம்மையாருக்கு அஞ்சலில் அனுப்பினார். கடிதம் சுருக்கமானது. இவற்றைப் பார்த்தபின் வேறொருவரிடமும் கருத்துக் கேளுங்கள், அதன்பின் விலையைச் சொல்லுங்கள், 47,000 வரை என்னால் இயலும், அதற்குமேல் இயலாது. தம் உச்சவரம்பை எதிர்த்தரப்பிடம் தாமே எழுதிக்கொடுப்பதைப் பேரம் பற்றிய எந்தப் பாடநூலும் ஒப்புக்கொள்ளாது.

ஒன்பது நாள் பதில் இல்லை. அந்த ஒன்பது நாளில் அவர் பலமுறை தம்மையே நொந்துகொண்டார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. நல்லது செய்தவர்கள் அமைதியாக இருப்பார்கள் என்பது கதைகளில் மட்டுமே. பத்தாம் நாள் தொலைபேசி வந்தது. அட்டவணையைக் கண்டு ஒருவர் 49,000 தருவதாகச் சொல்லியிருக்கிறார், அவர் அதைத் துணி போர்த்தி வைப்பவர் என்றார் அம்மையார். பின் சிறிது மௌனம். "ஐந்தாவது சிலிண்டருக்காக ஓர் ஆயிரத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். 46,000" என்றார். 49,000த்தில் ஆயிரத்தைக் கழித்தால் 46,000 வராது என்பதை இருவரும் சுட்டிக்காட்டவில்லை.

முதல் விலையோடு ஒப்பிட்டால் எட்டாயிரம் பவுண்டு கூடுதல். கூரைக்கென வைத்திருந்ததில் பெரும்பகுதி அதில் போயிற்று. ஓடுகள் அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்பட்டன. மனைவி இதைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. அக்டோபர் மழையின் முதல் இரவில் மாடியறையில் ஒரு வாளியைக் கொண்டுபோய் வைத்தார், அவ்வளவுதான்.

ஓட்டம் கூடிய வண்டி நல்ல வண்டி என்று இதைப் படிப்பவர் யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். நவம்பரில் ஒரு மாலை நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருக்கையில், மடங்கி எழும் அந்த முகப்பு விளக்குகள் இரண்டும் ஒருசேர அணைந்தன. பழுப்பேறியிருந்த ஃபியூஸ் இணைப்புகள் உருகிவிட்டிருந்தன. இழுவை வண்டியில் பட்டறைக்குப் போனது. தண்ணீர்ப் பம்ப் அதற்குள் வெளிப்படையாகவே ஒழுகத் தொடங்கியிருந்தது. அதை மாற்றப் பெல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். கழற்றியவற்றை மீண்டும் போடுவது அறிவுடைமையன்று. புதிய பெல்ட்டுக்குப் பழைய தாங்கு உருளைகள் கூடாது. இப்படி ஒன்றைத் தொட்டு ஒன்றாக 3,800 பவுண்டு. இந்த வண்டியில் எஞ்சினை இறக்காமலே பெல்ட்டை மாற்ற முடிந்தது ஒரு பேறு. இதற்கு அடுத்து வந்த 348இல் எஞ்சினையே வெளியே எடுக்க வேண்டும் என்று முதிய மெக்கானிக் ஆறுதல் சொன்னார். ஐந்தாவது சிலிண்டர் இன்னும் பேசாமல் ஓடுகிறது. முழங்கால், வாகன நெரிசலில் கால் மணி நேரம் ஊர்ந்தால் வலிக்கிறது.

வண்டியை எடுத்துவந்த நாளை விட்டுவிட்டு நவம்பருக்குத் தாவியாயிற்று. அது ஜூன் மாதத்துச் சனிக்கிழமை. அம்மையார் சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றார். முதல் கியர் இந்த வண்டியில் இடப்புறம் கீழே இருக்கும். பழக்கமின்மையால் பேராசிரியர் முதலில் பின்கியரைத் தேடி நுழைத்து, அவர் முன்னிலையிலேயே ஒரு முழம் பின்னால் போனார். "அவரும் முதல் நாள் அதைத்தான் செய்தார்" என்றார் அம்மையார்.

ஊரெல்லையைத் தாண்டியதும் மழை பிடித்தது. முதல் பெட்ரோல் நிலையத்தில் தொட்டியை நிரப்பிவிட்டு, கையுறைப் பெட்டியிலிருந்து நோட்டை எடுத்தார். கடைசி வரி முந்தைய ஆகஸ்டில் எழுதப்பட்டிருந்தது. கையெழுத்து சற்றே நடுங்கியிருந்தது. அதற்குக் கீழே எழுதுவதா, புதிய நோட்டு வாங்குவதா என்று சில நிமிடங்கள் வண்டிக்குள்ளேயே அமர்ந்திருந்தார். பின்னால் காத்திருந்தவர் ஒலியெழுப்பினார். அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, அந்த வரிக்கு அடுத்த வரியில் தேதியையும் மைலையும் லிட்டரையும் பவுண்டையும் எழுதினார். குறிப்பு என்ற கட்டத்தில்: 'மழை. இரண்டாம் கியர் பதினோராவது மைலில்தான் விழுந்தது.'